வலது இறக்கையில் ஒரு துளை

முதல் நாள் பெய்த ஐப்பசி மழையில் ஆதிமூலத்தின் வீட்டுக் கொடிக்கயிறு, சுவரில் அடித்திருந்த ஆணியையும் பிடுங்கிக்கொண்டு விழுந்து கிடந்தது. துவைத்த வேட்டிகளெல்லாம் சேற்றில். மருமகன் இராமதாஸ் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குப் பின்னால் யாருடைய சதி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவன் சுபாவம் அது. பால் திரிந்தால்கூடப் பால்காரனையும் பூனையையும் சேர்த்து விசாரிக்கிற ஆள்.

"தொய்வாத்தான் கட்டினேன் மாமா. புதுக் கயிறு வேற. எப்படி ஆணியைப் பிடுங்கும்?"

"வேட்டிய முதல்ல அலசு. அப்புறம் துப்பறியலாம்" என்றார் ஆதிமூலம். "கதவு வேலைக்குத் தச்சர் தணிகாசலம் வருவாரில்ல, அவரையே ஆணி அடிக்கச் சொல்லிடு."

"அவனா? வரவேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன் மாமா. முசே பிரகாசத்தோட ஏரோப்ளேனக் கெடுத்தவனாச்சே. ஊரே பேசுது."

"கெடுத்தத நீ பாத்தியா?"

"ஊரு பாத்துச்சு."

"ஊருக்கு ஏதுடா கண்ணு? வாய்தான் உண்டு" என்றார் ஆதிமூலம். அப்போதுதான் வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. இறங்கியவர் சாட்சாத் முசே பிரகாசமேதான்.

ஆதிமூலம் பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் போலீசில் பிரிகாதியேவாக இருந்தவர். அவர்கள் கப்பலேறிச் சில வருஷங்களாகியும் ஊர் அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து பிடுங்கவில்லை. வேலையையும் பிடுங்கவில்லை, வில்லங்கம் என்றால் இன்னும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். பிரகாசம் சைகோனில் பல வருஷம் சர்வே ஆபீசில் இருந்துவிட்டு வந்தவர், அதனால் ஊருக்கு அவர் பிரெஞ்சு மரியாதையில் 'முசே'. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. எதற்கும் அசராத மனிதர் என்று பெயர். இன்று அவர் தொப்பியைச் சுழற்றிய வேகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"என் மானமே போச்சு, பிரிகாதியே" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

கதை இதுதான். பிரான்சிலிருந்து கப்பலில் மரப்பெட்டிகளாக வந்த ஒரு சின்ன விமானத்தை, மூலக்குளத்தில் ஒரு பழைய நெல் கொட்டகையில் வைத்து இரண்டு வருஷமாக அவரே பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்தார். மரவேலைக்குத் தணிகாசலம். எடுபிடிக்கு மனைவியின் தம்பி தனிஸ்லாஸ். கடைசி வேலை இறக்கைகளைப் பொருத்துவது. இறக்கையின் முன்பக்கத்துக்கு ஆணித்துளை ஏற்கெனவே உண்டு. பின்பக்கத்துத் துளையை மட்டும், இறக்கை நேராக நிற்கிறதா என்று அளந்து பார்த்த பிறகுதான் போடவேண்டும். போட்டால் போட்டதுதான். தப்பான இடத்தில் துளை விழுந்தால் அந்த இறக்கைக் கட்டையே வீண்.

"அளக்கறது எப்படி?" என்றார் ஆதிமூலம்.

"வால்ல ஒரு ஆணி. எறக்கை நுனியில ஒரு ஆணி. ரெண்டுக்கும் நடுவுல நூலை இழுத்துக் கட்டணும். எடது பக்கம் எவ்ளோ நீளமோ, வலது பக்கமும் அவ்ளோ இருக்கணும். எங்கிட்ட இருந்த மடக்குக் கோலு அத்தனை நீளம் பத்தாது. அதனால புதுசா ஒரு பருத்தி நூல் வாங்கினேன். எடது எறக்கைய அளந்து, நுனியில முடிச்சுப் போட்டு, முடிச்சு மேல செவப்பு மை வெச்சேன். துளையும் போட்டோம். மறுநாள் ஆயுத பூஜை. தணிகாசலம் ஆயுதம் தொடமாட்டேன்னுட்டான். அதுக்கு மறுநாள் வலது எறக்கை. நான் வால்ல நூலப் பிடிச்சேன். தனிஸ்லாஸ் நுனியில நின்னான். முடிச்சு ஆணிமேல கச்சிதமா வந்து நின்னுச்சு, என் கண்ணால பாத்தேன். அப்புறந்தான் தணிகாசலம் துளை போட்டான்."

"அப்புறம்?"

பிரகாசத்தின் முகம் சிவந்தது. "மதராஸ்லேருந்து பரிசோதகர் வந்தாரு. ஊர்ல பாதிப்பேர வேடிக்கை பாக்கக் கூப்பிட்டிருந்தேன். அவரு நீளமான இரும்பு டேப்ப எடுத்து அளந்தாரு. எடது சரி. வலது எறக்கை ரெண்டு விரக்கடை பின்னால போயிருக்குன்னாரு. இதுல ஏறினா தாறுமாறா இழுத்துக்கிட்டுப் போய்க் கடல்ல தள்ளும்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. மோன் தியே, கடவுளே! எனக்கு நிக்க முடியல."

"அதனால?"

"தணிகாசலத்தைத் தெருவுக்கு இழுத்துக்கிட்டு வந்தேன். வேற நூலு ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்கானான்னு அவன் ஆயுதப் பையக் கொட்டிப் பாத்தேன்."

"இருந்துச்சா?"

"இல்ல. ஆனா அவன்தான். கொட்டகை சாவி அவன்கிட்டயும் இருக்கு. என்மேல கோவமும் இருக்கு. பூஜைக்கு முந்தின நாள் பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் கொண்டாந்தான், ஏரோப்ளேனுக்குச் சுத்திப் போடணுமாம். 'கணக்குப் போட்டாத்தான் பறக்கும், பூசணிக்காய் போட்டா பறக்காது'ன்னு வெளியில எறிஞ்சேன். அந்த வஞ்சம்! திங்கக்கிழமை போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறேன். உள்ள தள்ளாம விடமாட்டேன். அதுக்கு முன்னாடி எப்படிச் செஞ்சான்னு நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

"நூல நடுவுல எவனாவது மாத்தியிருக்கலாம்!" என்று இராமதாஸ் குதித்தான்.

"முடியாது. அளந்த கையோட வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் என் பீரோவுல வெச்சுப் பூட்டினேன். சாவி என் இடுப்பு பெல்ட்டுலயே இருந்துச்சு. என் சம்சாரம்கூட அந்த நூலத் தொட்டிருக்க முடியாது. அந்த விஷயத்துல நான் கறார்."

"பூஜை அன்னிக்கு நீங்க?"

"வீட்ல. தலைவலி. நாள் பூராப் படுத்திருந்தேன்" என்றார் பிரகாசம், தொப்பியைப் பார்த்துக்கொண்டே.

கொட்டகையில் அந்த விமானம் பெரிய தும்பியைப்போல நின்றது. இராமதாஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தரையில் காலடித் தடம் தேடினான். ஊர் முழுக்க வந்துபோன இடத்தில் காலடிக்கா பஞ்சம்? ஆதிமூலம் வலது இறக்கையின் பின்பக்கம் மட்டும் குனிந்து பார்த்தார்.

"மாப்ள, இங்க எத்தன துளை இருக்கு?"

"ஒண்ணுதான் மாமா."

"அப்போ யாரும் பின்னால வந்து மாத்தித் துளை போடல. மூணு பேரும் பாக்க அன்னிக்குப் போட்ட துளைதான் இது."

"அப்போ மூணு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான்!"

"இல்ல, மூணு பேரும் நெஜத்தச் சொல்றாங்க. அதான் தலைவலி."

பிறகு அவர் நூலைக் கேட்டார். பிரகாசம் தகர டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஆதிமூலம் அதைச் சன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். முடிச்சு பழைய முடிச்சுதான். அவிழ்த்துக் கட்டிய தடம் இல்லை. ஆனால் சிவப்பு மை முடிச்சோடு நிற்கவில்லை. இரண்டு பக்கமும் வெளிறிய ரோஜா நிறமாக ஓடியிருந்தது. ஓரிடத்தில் ஒரு சொட்டு மெழுகு. இன்னோரிடத்தில், முறுக்குக்குள், பச்சையாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. அதை நகத்தால் கிள்ளி மோந்து பார்த்தார். தலையைத் தூக்கிக் கூரையையும் பார்த்தார். புதுத் தகரம், ஒழுகல் இல்லை.

"நல்ல நூலு" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் முகம் ஏனோ வாடிவிட்டது. இராமதாஸ் அதைக் கவனித்தான், காரணம் பிடிபடவில்லை.

பிரகாசத்தின் மனைவி ஞானமேரி வீட்டில் காப்பி கொடுத்தார். தம்பி தனிஸ்லாஸும் அங்கே இருந்தான். "மாமா பறக்கறதே எனக்குப் புடிக்கல, ஆனா கெடுக்கறதுன்னா மரத்தக் கெடுக்கமாட்டேன், எஞ்சினத்தான் ஒளிச்சு வெச்சிருப்பேன்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். கிளம்பும்போது ஆதிமூலம் போகிறபோக்கில் கேட்டார்:

"பூஜை அன்னிக்கு முசேவுக்கு வந்த தலைவலி தேவலையாம்மா?"

"தலைவலியா? அவருக்குத் தலைவலின்னா இந்தத் தெருவுக்கே தெரியுமே. அன்னிக்குக் காலையிலயே சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனாரு..." என்று தொடங்கிய ஞானமேரி சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

தணிகாசலத்தின் வீடு கொட்டகைக்குச் சற்றுத் தள்ளி, வில்லியனூர் சாலையில். வேலை நாளில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தச்சனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவர் மனைவி தனக்கொடி உட்காரச் சொல்லவில்லை. போலீஸ் என்ற வார்த்தை ஏற்கெனவே அந்த வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது.

"பூஜை அன்னிக்கு எங்க இருந்தீங்க?" என்றார் ஆதிமூலம்.

"வில்லியனூர் வரைக்கும் போயிருந்தேன்."

"அங்க தெரிஞ்சவங்க யாரையாவது பாத்தீங்களா?"

தணிகாசலம் எழுந்துகொண்டார். "பாத்தேன். யாருன்னு சொல்றதுக்கில்லீங்க."

வெளியே வந்ததும் இராமதாஸ் துள்ளினான். "கூட்டாளி மாமா! கூட்டாளியக் காட்டிக் குடுக்க மாட்டேங்கறான்!"

"நீ கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வா. எனக்கு வெக்கமா இருக்கு" என்றார் ஆதிமூலம்.

"நமக்கு என்ன மாமா வெக்கம்?"

அவர் வேகமாக நடக்கத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து எல்லோரும் கொட்டகைக்கு வந்தார்கள். பிரகாசம், ஞானமேரி, தனிஸ்லாஸ். வரமாட்டேன் என்ற தணிகாசலத்தை ஆதிமூலமே போய் அழைத்து வந்திருந்தார். தச்சருடைய ஆயுதப் பை இன்னும் கொட்டகை மூலையில், அன்றைக்கு அள்ளிப்போட்டபடியே கிடந்தது. வெளியே சாலையோர டீக்கடையில் வழக்கமான கூட்டம்.

"முசே, அதே நூல எடுத்து எடது எறக்கைய இப்போ அளங்க" என்றார் ஆதிமூலம்.

"எடதுலதான் தப்பே இல்லியே."

"அளங்க."

பிரகாசம் வாலில் பிடித்தார். தனிஸ்லாஸ் நுனிக்கு இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். முடிச்சு ஆணிக்கு வந்து சேரவில்லை. இரண்டு விரற்கடை குறைந்தது.

"எடது எறக்கையையும் நகத்திட்டானா?" என்று பிரகாசம் கத்தினார்.

"எடது சரின்னு பரிசோதகர் இரும்பு டேப்ப வெச்சுச் சொன்னாரே. எறக்கை நகரல முசே. நூலுதான் சுருங்கியிருக்கு. இந்த முடிச்ச நம்பி வலது எறக்கைய இழுத்தீங்க. முடிச்சு கிட்ட வந்ததால எறக்கையும் வால் பக்கமா வந்துச்சு. துளை போட்டவரு, அளந்து காட்டின இடத்துலதான் போட்டாரு."

"நூலு எப்படிச் சுருங்கும்?"

ஆதிமூலம் இராமதாஸைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவன், பிரகாசம் நூல் வாங்கிய கடையிலேயே வாங்கிய புது நூலில் சமமாக இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் காலையிலேயே நனைத்துக் காயவைத்திருந்தான். இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது நனைந்த துண்டு குட்டையாகத் தொங்கியது.

"எங்க வீட்டுக் கொடிக்கயிறு மழையில நனைஞ்சு, இறுகி, ஆணியவே புடுங்கிடுச்சு. அது புதுக் கயிறு. புதுத்துணிய ஒருதரம் அலசினா சட்டை கையி மேல ஏறிக்குதில்ல, அதே கதைதான். இந்த நூலும் நனைஞ்சிருக்கு. செவப்பு மை கரைஞ்சு ஓடியிருக்கு பாருங்க. மழையில நனையல, பீரோவுக்குள்ள மழை பெய்யாது. முறுக்குல பாசி இருக்கு. குளத்துப் பாசி. மெழுகுவர்த்திச் சொட்டும் இருக்கு. மெழுகுவர்த்தி எரியற குளத்தங்கரை இந்தப் பக்கத்துல ஒண்ணுதான். வில்லியனூர் மாதா குளம்."

சீக்காளியின் உயரத்துக்கு நூல் அளந்து, அந்த நூலைக் குளத்தில் நனைத்து மாதாவிடம் வேண்டிக்கொள்வது அங்கே பல குடும்பங்களில் வழக்கம். ஆளைத் தூக்கிக்கொண்டு போக முடியாவிட்டால் அவன் அளவைக் கொண்டுபோவார்கள். விமானத்தையும் தூக்கிக்கொண்டு போக முடியாதுதான்.

"யாரு நனைச்சது மாமா? சொல்லுங்க!" என்றான் இராமதாஸ்.

"அது எனக்கு வேண்டாம். சாமி கும்பிடறது குத்தமில்ல. தணிகாசலம் மேல தப்பில்ல. அத நிரூபிச்சாச்சு, வேலை முடிஞ்சுது."

ஆதிமூலம் பிரகாசத்தின் பக்கமே திரும்பவில்லை. வேண்டுமென்றேதான். ஆனால் பிரகாசத்தின் கழுத்து வேர்த்துக் கொட்டியது. பூசணிக்காயை எறிந்த மனிதர். கணக்கு, கணக்கு என்று மாரைத் தட்டிக்கொண்ட மனிதர்.

அப்போது ஞானமேரி முன்னால் வந்தார். "நான்தாங்க நனைச்சேன். பயமா இருந்துச்சு. அவருக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனேன்."

தனிஸ்லாஸ் வாயைப் பிளந்தான். இராமதாஸ் ஏதோ சொல்ல வந்து, மாமனார் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டான். பீரோ சாவி யார் இடுப்பில் இருந்தது என்று அவனுக்கும் நினைவிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், பிரகாசம் தப்பித்துவிடலாம். மனைவி மூடநம்பிக்கைக்காரி, கணவன் அறிவாளி என்று ஊர் சிரித்துவிட்டுப் போய்விடும்.

பிரகாசம் தொப்பியைக் கழற்றினார்.

"அவ வீட்ட விட்டே போகல" என்றார். "நான்தான். இதுல ஏறி உக்காரப் போறவன் நானில்லையா? ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. பயம்னு யாருகிட்ட சொல்ல முடியும்? சைக்கிள்ல போனேன். முக்கிட்டு, காயவெச்சு, பீரோவுல வெச்சுட்டேன். நனைஞ்சா காயும், அவ்வளவுதானேன்னு இருந்தேன். நூலு சுருங்கும்னு எனக்குப் படவேயில்ல. ஆனா அன்னிக்கு எங்க இருந்தேன்னு பிரிகாதியே கேட்டப்ப, பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். வெக்கம். வேற ஒண்ணுமில்ல, வெக்கம்."

அவர் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். பார்க்கத்தான் முடியவில்லை.

"எனக்குத் தெரியும் முசே" என்றார் தணிகாசலம். "கொளத்தாண்ட நின்னீங்க. பாத்தேன்."

"பாத்தியா? அங்க நீ எதுக்கு வந்தே?"

"உங்களுக்காகத்தான். பூசணிக்காய வேணாம்னுட்டீங்க. சரி, உங்க சாமிகிட்டயே சொல்லிட்டு வந்துடுவோம்னு வந்தேன். நீங்களே கண்ண மூடி நின்னுக்கிட்டிருந்தீங்க. நான் அப்படியே மரத்துக்குப் பின்னால ஒதுங்கிட்டேன்."

"தெருவுல உன் பையக் கொட்டினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"நூலாலதான் வந்துச்சுன்னு எனக்கு என்ன தெரியும்? சாமி கும்பிட வந்த மனுசன ஊரு முன்னால காட்டிக் குடுக்கறதா? அது எனக்கு வரல."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். புத்தி திரும்பி வரும்போது படுகிற பாட்டைப் பற்றி யாரும் பழமொழி சொல்லவில்லை. பிரகாசம் கொட்டகை மூலைக்குப் போனார். ஆயுதப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் எண்ணெயும் அரத்தூளும் அப்பின. தணிகாசலம் பதறிப்போய் வாங்க வந்தார். அவர் விடவில்லை.

"வேண்டாங்க முசே, நல்லா இல்ல."

"நல்லா இல்லாமத்தான் இருக்கணும்."

சாலையில் இறங்கியதும் டீக்கடையிலிருந்து கடைக்காரர் முருகையன் கூப்பிட்டார். "இன்னா முசே, தச்சன் பையி உங்க தோள்ல? அவன உள்ள தள்ளியாச்சா?"

பிரகாசம் நின்றார். அன்று அவர் பையைக் கொட்டிய அதே இடம்தான். "தப்பு என்னோடது" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. "அளவக் கெடுத்தது நான். இவரத் திருடனாட்டம் தெருவுல நிக்கவெச்சதும் நான். இவரு ஒண்ணும் செய்யல." அன்று கூட நின்று சிரித்தவர்களில் பலர் அங்கே இருந்தார்கள். முருகையன் துடைத்த கண்ணாடிக் கிளாஸையே மறுபடியும் துடைத்தார்.

வீட்டு வாசலில் தனக்கொடி நின்றாள். கணவன் சொன்னதைக் கேட்டாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. பையை வாங்கித் தரையில் வைத்து, இழைப்புளி, வாய்ச்சி, அரம், உளிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

"சின்ன உளியக் காணோம்" என்றாள். "இவரோட அப்பாரு வெச்சிருந்தது. அன்னிக்குத் தெருவுல கொட்டினப்போ போயிருக்கும்."

"போனாப் போவுது, விடு" என்றார் தணிகாசலம்.

"நான் எதுக்கு விடணும்?"

பிரகாசம் திரும்பி நடந்தார். டீக்கடைக்கு எதிரே சாலையோரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற சாக்கடை. கால்சட்டையைக்கூடச் சுருட்டாமல் அதில் இறங்கினார். குனிந்து, சட்டைக் கை முழங்கைவரை நனைய, சேற்றுக்குள் துழாவினார். ஞானமேரி கரையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆதிமூலம் மருமகனைத் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்கு எனக்கு ஏன் வெக்கமா இருக்குன்னு கேட்டியே. பாக்காமலே தச்சர வேலைக்கு வேணாம்னு சொல்லி அனுப்பினது யாரு? நம்ம வீடுதானே?"

இராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முசே பிரகாசத்துக்குப் பக்கத்தில் இறங்கினான்.